பாகூரில் ஒரு வான்கோழி விருந்து

புதுவையிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டர் சென்றால் வில்லியனூர். 1877ஆம் ஆண்டு முதல் லூர்து அன்னை அங்கே கோயில் கொண்டிருக்கிறாள், எதிரே திருக்குளம். அன்னையை வணங்கித் தெற்கே திரும்பினால், நெல்லும் கரும்பும் செழித்த பாகூர். தென்பெண்ணையின் நீரைப் பங்காரு வாய்க்கால் சுமந்து வந்து இவ்வூர் ஏரியை நிரப்புகிறது. புதுவையின் நெற்களஞ்சியம் என்று இப்பகுதியைச் சொல்வர்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இக்கரையைக் கடந்தது. 40 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை ஒரே நாளில் புதுவையில் கொட்டித் தீர்த்தது. அடுத்துச் சாத்தனூர் அணையின் நீரும் சேரவே, தென்பெண்ணை கரைபுரண்டு பாகூர் வயல்களை மூழ்கடித்தது.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தோம். ஓர் ஏழை உழவர் வீட்டில் கோழிகள் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்டிருந்தன. எஞ்சியது வான்கோழிச் சேவல் ஒன்றே. இரவில் உயர்ந்த கிளையில் அடைவது அப்பறவையின் இயல்பு. புளியமரம் அதைக் காப்பாற்றியிருந்தது.

விற்றால் நல்ல விலை கிடைக்கும். பணமும் அவ்வீட்டுக்குத் தேவைதான். ஆனால் அவ்வீட்டுத் தாய் சொன்னது வேறு: "சாமி, மூணு நாள் எங்களை மாடியில வச்சுச் சோறு போட்டவங்க எதிர்வீட்டுக்காரங்க. இந்தப் பண்டிகைக்கு அவங்களோட உட்கார்ந்து சாப்பிடணும்." எதிர்வீட்டார் இந்து சமயத்தவர்.

வான்கோழியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். அக்கண்டத்தை இந்தியா என்றே எண்ணிய காலத்தில் ஐரோப்பாவுக்குச் சென்றதால், பிரெஞ்சுக்காரர் அதை 'இந்தியக் கோழி' என்றனர். அப்பெயரே 'தேந்த்' எனச் சுருங்கிற்று. 1954 வரை அவர்கள் ஆண்ட இம்மண்ணில், இல்லாத ஊர்ப்பெயரைச் சுமந்த பறவைக்குக் கடைசியில் மெய்யாகவே ஓர் இந்தியத் தெரு கிடைத்தது!

முழுப் பறவையைச் சுட்டுச் சமைத்தவர் அவ்வீட்டில் எவருமிலர். நெஞ்சுக்கறி கொழுப்பற்றது, தொடை வேகுமுன் அது வறண்டுவிடும். இதுவே பெரிய அச்சம். ஆகவே முதல்நாள் இரவே உப்பு, மிளகு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றை உள்ளும் புறமும் தடவி வைத்தனர். விழா நாள் காலையில், ரொட்டிக் கடைக்காரர் தம் விறகு அடுப்பிலிருந்து ரொட்டிகளை எடுத்தபின் இடம் தந்தார். நெஞ்சில் வெண்ணெய் பூசி, வாழையிலை மூடி உள்ளே தள்ளினர். ஐந்து கிலோ எடைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசி அரைமணிக்கு இலையை நீக்கவே, தோல் பொன்னிறமாயிற்று. தொடையின் தடித்த இடத்தைக் குத்தியபோது சாறு செந்நிறமின்றித் தெளிவாக வந்தது. வெப்பமானி உடையோர் அவ்விடத்தில் 74 பாகை செல்சியஸ் காட்டும்வரை பொறுப்பது நலம். உடனே அறுத்தால் சாறெல்லாம் வடிந்துவிடும். அரைமணி நேரம் ஆறவிட்டே அறுத்தனர்.

கறி மெத்தென்றிருந்தது. இருபது பேர் ஒரே பந்தியில் உண்டனர். எலும்புகள் மாலையில் மிளகு ரசமாயின.

மறுநாள் எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு கூடையை அவ்வீட்டுத் திண்ணையில் வைத்துச் சென்றார். திறந்து பார்த்தால், நான்கு நாட்டுக்கோழிக் குஞ்சுகள்.