பென்சிலும் பிளேடும்

மே மாத லீவுக்குக் களக்காடு போன இடத்தில், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நண்பன் ஒருவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். ஆறு கம்ப்யூட்டர். அதில் நாலு ஓடும். “பத்திரிகையில இருக்க... போட்டோஷாப்லாம் தெரியும்லா? ரெண்டு ஞாயித்துக்கிழமை நம்ம பிள்ளையளுக்குச் சொல்லிக் குடேன்” என்றான். நான் படித்தது பி.காம். போட்டோஷாப் எல்லாம் ஆபீஸில் லேஅவுட் ஆர்ட்டிஸ்ட்டின் முதுகுக்குப் பின்னால் நின்று கற்றுக்கொண்டது. ஆனாலும் சொந்த ஊரில் ‘தெரியாது’ என்று சொல்ல மனசு வருமா? சரி என்றுவிட்டேன்.

பேர் கொடுத்தவர்கள் ஏழு பேர். பிளஸ் டூ முடித்த மூன்று பெண்கள், ஃப்ளெக்ஸ் கடைப் பையன் ஒருவன், தைத்த ஜாக்கெட்டுகளை வாட்ஸ்அப்பில் போட நினைக்கும் டெய்லர் அக்கா, வாழைத்தார் மண்டிக் கணக்குப்பிள்ளை, ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர். மொத்தம் நாலு மணி நேரம். போட்டோஷாப்புக்கு இப்போதெல்லாம் மாசச் சந்தா கட்ட வேண்டும் என்பதால், ‘கிம்ப்’ என்று முடிவு செய்தோம். 1990-களில் பெர்க்லியில் படித்த இரண்டு மாணவர்கள் எழுத ஆரம்பித்த சாஃப்ட்வேர். காசு கிடையாது. சென்டரின் பழைய கம்ப்யூட்டரிலும் முக்கி முனகி ஓடும்.

ஒரு ராத்திரி உட்கார்ந்து பாடத்திட்டம் எழுதினேன். படத்தை வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது, பேக்ரவுண்டை மாற்றுவது, எழுத்து போடுவது, முகத்தைப் பளிச்சென்று ஆக்குவது... நாற்பது ஐட்டம் வந்தது. பிரமாதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பயிற்சிக்கு நாலு பழைய போட்டோ வாங்கலாம் என்று ஸ்டூடியோ அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேரின் கல்யாண போட்டோ அண்ணாச்சி எடுத்ததுதான். ஸ்டூடியோ இப்போது ஜெராக்ஸ் கடையாகிவிட்டது. அவருக்குக் கம்ப்யூட்டர் ஆகாது. இருந்தாலும் மரியாதைக்கு என் லேப்டாப்பில் போட்டோஷாப்பைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஓரத்தில் இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தவர், ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“ஏலே... இது நம்ம டாட்ஜிங் குச்சில்லா!”

குச்சி மிட்டாய் மாதிரி இருக்குமே, அந்தச் சின்னப் படம். இருபது வருஷமாக அதை அமுக்கிக்கொண்டிருக்கிறேன். ஏன் குச்சி மிட்டாய் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. டார்க் ரூமில் நெகட்டிவ் வழியாகப் பேப்பரில் வெளிச்சம் விழும்போது, ஒரு கம்பியில் வட்டமாக அட்டையை ஒட்டி முகத்துக்கு மேலே லேசாக ஆட்டிக்கொண்டே இருப்பார்களாம். அந்த இடத்தில் வெளிச்சம் குறைவாக விழும், முகம் கறுக்காது. அதற்குப் பக்கத்திலேயே விரல்களை வளைத்துப் பிடித்த கை ஒன்று இருக்கும். அது அந்த ஓட்டை வழியாக மட்டும் வெளிச்சத்தை விட்டு, வேண்டிய இடத்தைக் கறுப்பாக்குவது. போட்டோஷாப்பை எழுதிய தாமஸ் நோல், அமெரிக்காவில் அப்பா வீட்டிலேயே வைத்திருந்த டார்க் ரூமில் தொழில் பழகியவர். அவரும் தம்பி ஜானும் 1987-ல் ஆரம்பித்ததை அடோபி கம்பெனி 1990-ல் விற்பனைக்கு விட்டது. அங்கே பழகிய குச்சி, களக்காட்டு அண்ணாச்சிக்கு அடையாளம் தெரிகிறது!

அண்ணாச்சி விடவில்லை. “அது சரி. இதுல பென்சிலு எது, பிளேடு எதுடே?”

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். முகத்தில் பரு, தழும்பு இருந்தால் நெகட்டிவில் அந்த இடம் வெளுத்திருக்கும். கூர் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். சட்டைக்கு வெளியே வெள்ளை பனியன் எட்டிப் பார்த்தால், நெகட்டிவில் அது கறுப்பு. பிளேடால் சுரண்டி எடுப்பார்கள்.

“பென்சிலுன்னா பயமில்ல. புடிக்கலன்னா மருந்தத் தொட்டு பஞ்சால தொடச்சிரலாம். பிளேடு வச்சிச் சொரண்டுனா, சொரண்டுனதுதான். அதுனால புதுப் பயலுவ கையில ஆறு மாசத்துக்கு பிளேடக் குடுக்க மாட்டோம்லா.”

எனக்குச் சுருக்கென்றது. காரணம், அம்மா போட்டோ.

அம்மா எங்கள் சித்தி கல்யாணத்தில், 1987-ல், தலை நிறையப் பூவோடு சிரித்தபடி நிற்கும் படம் ஒன்று இருந்தது. 2004-ல் அதை ஸ்கேன் செய்து வைத்தேன். அடுத்த வருஷ ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, ஆல்பம் நனைந்து, படம் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப் பாழானது. ‘ஸ்கேன்தான் இருக்கே’ என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னதும் நான்தான். 2006-ல் புதுசாக வாங்கிய கலர் செல்போனின் முகப்பில் அம்மாவை வைக்க ஆசை. படத்தை 128-க்கு 160 என்று சுருக்கினேன். கன்ட்ரோல் எஸ் அடித்தேன். மூடினேன்.

2011-ல் அம்மா தவறியபோது, மாலை போடப் பெரிசாக பிரிண்ட் எடுக்க அந்த ஃபைலைத் திறந்தேன். 128-ஐ 160-ஆல் பெருக்கினால் 20,480 புள்ளிகள். பிரிண்ட் தரத்துக்கு அரை அங்குலம்கூட அகலம் வராத படம், கட்டைவிரல் நகம் அளவு. வேறு வழியில்லாமல் வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணி மாட்டினோம். அதில் யார்தான் அவராக இருக்கிறார்கள்? சமீபத்தில் ஏ.ஐ. ஆப் ஒன்றில் அந்த நகத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று ஒரு முகம் வந்தது. நல்ல களையான பெண்மணி, யாரோ.

இத்தனைக்கும் நான் படித்த படிப்பில் முதல் வருஷமே சொல்லித் தந்த விஷயம் இது. பேரேட்டில் தப்பு நேர்ந்தால் அடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது, திருத்தப் பதிவு தனியாகப் போட வேண்டும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்.

அன்று ராத்திரி நாற்பது ஐட்டத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். முதல் ஞாயிறு, முதல் வேலை: படத்தைத் திறந்தவுடன் ‘சேவ்’ இல்லை, வேறு பெயரில் ஒரு காப்பி. ஒரிஜினல் தனி ஃபோல்டரிலும் பென் டிரைவிலும் தூங்கட்டும். அடுத்து லேயர். கண்ணாடித் தாளைப் படத்தின் மேல் விரித்து அதில் வரைகிற மாதிரி. பிடிக்கவில்லையா, தாளை எடுத்துவிடலாம், கீழே படம் அப்படியே இருக்கும். போட்டோஷாப்புக்கே இது 1994-ல், மூன்றாவது பதிப்பில்தான் வந்தது. அண்ணாச்சியின் பென்சில் இதுதான். அழிப்பான் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது, அது பிளேடு. ஆறுக்கு நாலு பிரிண்ட் நன்றாக வர 1800-க்கு 1200 புள்ளி வேண்டும் என்பதைப் போர்டில் எழுதிப் போட வேண்டும்.

முகத்தை வெளுப்பாக்கும் பாடத்தை எடுத்துவிட்டேன். ஃப்ளெக்ஸ் கடைப் பையனுக்கு ஏமாற்றம்தான். டெய்லர் அக்காவுக்கோ கலர் ஒரு பொட்டு மாறினாலும் ஜாக்கெட் திரும்பி வந்துவிடும்.

நோட்டீஸில் ‘வரும்போது வீட்டில் உள்ள பழைய போட்டோ ஒன்று எடுத்து வரவும். ஸ்கேன் செய்து உடனே திருப்பித் தரப்படும்’ என்று எழுதி, அண்ணாச்சியிடம் காட்டினேன். ‘உடனே’ என்ற சொல்லுக்கு அடியில் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

“ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?”

“படிக்கவா அண்ணாச்சி, சொல்லிக் குடுக்கவா?”

“மொத அர மணிக்கூறு எனக்கு. மிச்சம் நீ பாத்துக்க.”