கரண்டிக் காம்பு

போன மாதம் அம்மா பத்து நாளைக்குத் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஐந்தாம் நாள் காலை அலமாரியைத் திறந்தேன். பனியன் கையிருப்பு பூஜ்யம்!

நான் பி.காம். க்ளோஸிங் ஸ்டாக் தீர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவன். அழுக்குக் கூடையை வாஷிங் மெஷினுக்குள் கவிழ்த்தேன். சோப்புத் தூள் போட்டு மூடியைச் சாத்தினேன். பவர் பட்டனை அழுத்தினேன், விளக்கு எரிந்தது. ப்ரோக்ராம் பட்டனை அழுத்தினேன், 'கீங்' என்றது. ஸ்டார்ட்டை அழுத்தினேன்.

ம்ஹூம்.

கட்டை விரலால், ஆள்காட்டி விரலால், கடைசியில் முஷ்டியால். மெஷின், மாமனார் வீட்டுக்கு முதல் தடவை வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதனுடன் வந்த புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். சைல்டு லாக் போட்டிருந்தாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ ஸ்டார்ட் ஆகாதாம். இரண்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. அம்மாவுக்கு போன் போட்டேன்.

"அம்மா, மெஷின் ஓடலை."

"கரண்டிய எடுத்தியா?"

"கரண்டியா?"

"செவுத்துக்கும் மெஷினுக்கும் நடுவுல சொருகி வெச்சிருப்பேன் பாரு. அதோட காம்பால பட்டனோட இடது மூலைல அழுத்து. நாலஞ்சு தடவைல புடிச்சுக்கும்."

"புடிச்சுக்கலைன்னா?"

"பக்கெட்ல ஊற வெச்சு கையால துவைக்க வேண்டியதுதான்."

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து. நீயே பத்திரிகைலேர்ந்து பணம் வரலைன்னு புலம்பிக்கிட்டு இருந்தே. எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"அப்ப இத்தனை நாள் எவ்வளவு துணிய கையால துவைச்சே?"

"இங்க சிக்னல் சரியில்லைடா" என்று வைத்துவிட்டாள்.

இந்த மெஷின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, துணி பிழியவே கூடாது என்று டாக்டர் சொன்னதால் தவணையில் வாங்கியது. 'அம்மாவுக்காக வாங்கினேன்' என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னவன் நான். இத்தனை வருஷத்தில் அதை ஒரு தடவைகூட ஓட விடாதவனும் நானேதான். அந்த மரக்கரண்டியை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறேன். வீடென்றால் கரண்டி எங்கேயாவது கிடக்கும் என்று தாண்டிப் போயிருக்கிறேன்.

சர்வீஸுக்குச் சொல்லி, ஒருவர் வந்தார். ஒரே ஒரு தடவை பட்டனை அழுத்திப் பார்த்தார்.

"போர்டையே மாத்தணும் சார். 6,800."

"ஒரு பட்டன்தானேங்க?"

"பட்டன் தனியா வராது சார்."

வந்து பார்த்ததற்கு 400 வாங்கிக்கொண்டார். 6,800 ரூபாய் என்றால் எனக்கு ஏழு கட்டுரை. அதில் இரண்டு திரும்பி வரும்.

எதிர் ஃப்ளாட் பையன் இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். அவனிடம் சொன்னேன். "மத்த பட்டன்லாம் வேலை செய்யுதுல்ல அங்கிள்? அப்ப போர்டு உயிரோடதான் இருக்கு. உள்ள இருக்கிற டாக்ட் சுவிட்ச்தான் போயிருக்கும்" என்றான். (எனக்கு முப்பத்தாறுதான் ஆகிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்தோம். போர்டில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கட்டும் என்றான். பேனலின் ஸ்க்ரூக்களைக் கழற்றினோம். எந்த ஒயர் எங்கே என்று போட்டோ எடுத்துக்கொண்டோம். வெளியே அவ்வளவு பெரிதாகத் தெரிந்த ஸ்டார்ட் பட்டன் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். அதற்குக் கீழே ஆறு மில்லிமீட்டர் சதுரத்தில், நாலு கால் முளைத்த ஒரு துக்கடா சுவிட்ச். அதற்குள் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு சின்ன உலோகத் தகடு. அழுத்தினால் குழிந்து இரண்டு பக்கத்தையும் இணைக்கும். விட்டால் 'டிக்'கென்று எழும்பிவிடும். ஈரமும் சோப்பும் புழங்குகிற இடம். நாளடைவில் உள்ளே கறுத்துப்போய்த் தொடர்பு விட்டுப்போகிறது. மல்டிமீட்டரை வைத்து அழுத்திப் பார்த்தோம். ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் 'பீப்'.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பத்து சுவிட்ச் முப்பது ரூபாய். "எவ்ளோ ஹைட்டு?" என்றார் கடைக்காரர். சுவிட்சுக்கு என்ன உயரம், பெண் பார்க்கவா வந்திருக்கிறோம் என்று நினைத்து, பார்க்க அதே மாதிரி இருந்ததை வாங்கி வந்தேன். போர்டின் மேல் ஜெல்லி மாதிரி ஈரம் புகாத பூச்சு. பின்பக்கம் அதைக் கொஞ்சம் பெயர்த்து, நாலு காலிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சிப் பழசை எடுத்தோம். புதுசை வைத்து சால்டர் செய்து பேனலை மூடினால், பட்டன் நிரந்தரமாக அழுந்தியே இருந்தது. பழசு 4.3 மில்லிமீட்டர். நான் வாங்கியது 5. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத வித்தியாசத்துக்கு மறுபடி அதே கடை, மறுபடி முப்பது ரூபாய். கடைக்காரர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

இந்தத் தடவை சரியாக உட்கார்ந்தது. பெயர்த்த இடத்தில் சிலிக்கான் பூசினோம். வினிகர் வாடை அடிக்கிற ரகத்தை வாங்காதீர்கள், செம்பை அரிக்கும். ஒரு நாள் காயவிட்டு மூடினேன். ஆட்டோவைக் கணக்கில் சேர்த்தால் மொத்தச் செலவைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சேர்க்காமல் சொல்கிறேன், 210 ரூபாய்.

அம்மா வந்ததும் மெஷின் முன்னால் கூட்டிப்போய் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் கை நேராகக் கரண்டிக்குப் போயிற்று.

"கரண்டி வேணாம்மா. விரலால அழுத்து. மெதுவா."

நம்பாமல்தான் விரலை வைத்தாள். மூட்டு வீங்கிய ஆள்காட்டி விரல், அதே இடது மூலையில். 'டிக்'. தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. சுவிட்சை ஆஃப் செய்யச் சொல்லி, இன்னொரு தடவை போட்டாள். மறுபடி 'டிக்'.

"நீயா பண்ணே?"

"எதிர் வீட்டுப் பையனும் நானும்."

"அதானே பார்த்தேன்" என்றாள்.

"இனிமே எது கெட்டுப்போனாலும் அன்னிக்கே சொல்லணும், சரியா?"

"சரி சரி."

"அப்ப அந்தக் கரண்டிய எடுத்து கழுவி சமையல்கட்டுல வெச்சுடட்டுமா?"

அம்மா கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பழையபடி சொருகினாள்.

"இருக்கட்டும்டா. ஒரு மாசம் பார்ப்போம்."