பிள்ளைகளும் பௌதிகமும்

தலைநகரில் வாழும் நம் இல்லங்களில் தமிழுக்கென்று சில இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். அடுக்களை, பூஜை அறை, ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு, சங்கத்து விழா மேடை ஆகியவற்றில் தமிழின் ஆட்சி நடக்கிறது. பாடப் புத்தகம் திறந்ததும் தமிழ் எழுந்து வெளியே போய்விடுகிறது. நம் தந்தையர் பௌதிகம் என்றும் இன்றைய பாடநூல்கள் இயற்பியல் என்றும் கூறும் துறையோ, ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து நுழைவுத் தேர்வில் செலவழித்துத் தீர்க்க வேண்டிய பொருள் என்றே பிள்ளைகள் எண்ணுகின்றனர். அவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டும் நாமும் அப்படித்தானே எண்ணுகிறோம்?

ஆயினும் பிள்ளைகள் கேள்வி கேட்பதைத் தமிழில்தான் தொடங்குகின்றனர். கோடை விடுமுறையில் சென்னைக்குப் போய்வந்த குழந்தை கேட்கும்: “இங்கே கூலர் போட்டால் ஜில்லென்று இருக்கிறதே, பாட்டி வீட்டில் ஏன் கூலரே இல்லை?” “அங்கே புழுக்கம், கூலர் எடுபடாது” என்று நாம் விடையிறுக்கிறோம். விடை சரியே. ஆனால் கேள்வி அங்கேயே மடிந்துவிடுகிறது.

எங்கள் குடியிருப்பில் சில குடும்பத்தார், மின்சாரம் நின்றுபோகும் கோடை இரவுகளில் மொட்டை மாடியில் கூடுவதுண்டு. அங்கே இக்கேள்விக்காக ஒரு கதை பிறந்தது. மண்பானை ஒரு ரயில் பெட்டி. உள்ளே கோடானுகோடி நீர்த்துகள்கள் நெருக்கியடித்துக் கொண்டிருக்கின்றன. எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில மந்தமானவை, சில துடுக்கானவை. பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து வெளிப்புறம் வந்ததும், துடுக்கானவை காற்றில் குதித்து ஓடிவிடுகின்றன. “வகுப்பிலிருந்து குறும்புக்காரர்கள் எல்லாரும் வெளியே போய்விட்டால் வகுப்பு என்ன ஆகும்?” என்று கேட்டோம். “அமைதி ஆயிடும்” என்றனர் பிள்ளைகள். வேகமானவை போய் மந்தமானவை எஞ்சும் அந்த அமைதியைத்தான் நம் கை குளிர்ச்சி என்று உணர்கிறது. கூலரின் ஈரத் தட்டியிலும் நடப்பது இதுவே.

“அப்படியானால் சென்னையில்?” என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டோம். சற்று நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, “அங்கே வெளியிலேயும் கூட்டம் இருக்கும், மாமா. இறங்குறவங்க இறங்க இறங்க, மத்தவங்க ஏறிக்கிட்டே இருப்பாங்க” என்றாள். கடலோரக் காற்றில் மிதக்கும் நீர்த்துகள்கள் பானைக்குத் திரும்பி வருவதை, ரயில் நிலையத்தை மட்டும் துணைக்கொண்டு அவளே கண்டுவிட்டாள். உள்ளுறை வெப்பம், ஈரப்பதம் என்னும் சொற்கள் எல்லாம் பின்னால் வரட்டும். வரும்போது அவள் அவற்றைப் பழகிய முகங்களாக அடையாளம் கண்டுகொள்வாள்.

கதையோடு நின்றால் அதுவும் ஒரு மனப்பாடம் ஆகிவிடும். ஆகவே காற்றின் வெப்பத்தைக் காட்டும் வெப்பமானிகள் இரண்டு வாங்கினோம். ஒன்றன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, இரண்டையும் காற்றோட்டமுள்ள நிழலில் தொங்கவிட்டோம். லூ வீசும் ஜூன் நண்பகலில் இரண்டுக்கும் இடையே 15 பாகைக்கு மேலும் வேறுபாடு காணலாம். மழை பிடித்துக்கொண்ட ஆகஸ்டில் அது நான்கைந்து பாகையாகச் சுருங்கிவிடும். அம்மாதத்தில் தில்லிக் கூலரும் ஏன் முகம் வாடுகிறது என்பதை அதன்பின் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வகைக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. யா. பெரல்மான் எழுதி மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த ‘பொழுதுபோக்கு பௌதிகம்’ இன்றும் சில வீட்டு அலமாரிகளில் இருக்கும், தூசு தட்டலாம். சர். சி. வி. ராமன் கதை அதனினும் அணுக்கமானது. 1907-இல் கல்கத்தாவில் அரசின் நிதித்துறை அலுவலராகச் சேர்ந்த அவர், அலுவலகம் போகுமுன்னும் திரும்பிய பின்னும் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். (கோப்புகளோடு வாழும் நாம் இதைச் சொல்லி அவரைச் சொந்தம் கொண்டாடுவது சற்று மிகைதான்.) 1921-இல் கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணில் பட்டது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதே அது என்று அந்நாளில் நம்பினர். கைவசமிருந்த சிறு பட்டகத்தால், நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மங்கவில்லை, இன்னும் ஆழ்ந்து தெரிந்தது. 1987 முதல் பிப்ரவரி 28-ஐத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். பள்ளிதோறும் தலைப்பாகையோடு அவர் படத்தை எழுதுகின்றனர். பட்டகத்தின் கதையைச் சொல்வோர் குறைவு. அவரோ 1968-இல், தம் எண்பதாம் வயதில், அகமதாபாத்தில் ‘வானம் ஏன் நீலம்?’ என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டு உரையாற்றினார்.

புலம்பெயர்ந்த நமக்கு வேறு எவர்க்கும் வாய்க்காத வசதி ஒன்று உண்டு: ஊரில் ஒரு மொட்டை மாடி, இங்கே ஒரு மொட்டை மாடி. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒருநாள், பகல் 12 மணி 7 நிமிட அளவில், சென்னையில் நேராக நட்ட குச்சிக்கு நிழல் இராது. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் தில்லியில் அந்த நாள் என்றுமே வருவதில்லை. அன்று தில்லியின் உச்சிப்பொழுதான 12 மணி 19 நிமிடத்தை ஒட்டி, ஒரு மீட்டர் குச்சியின் நிழலை அளந்தால் போதும். 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரடோஸ்தனிஸ் செய்தது போல் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டுவிடலாம்.

எங்கள் குடியிருப்புச் சிறுவன் ஒருவன் இதைத் தன் பாட்டியோடு சேர்ந்து செய்தான். அதுவரை அவர்கள் தொலைபேசிப் பேச்சு “சாப்பிட்டியா?”, “படிக்கிறியா?” என்னும் இரண்டு வினாக்களில் முடிந்துவிடும். அன்று பாட்டி வடாம் காயும் மாடியில் குச்சியை நட்டு, அது நேராக நிற்கிறதா என்று நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, “நிழலைக் காணோம்டா!” என்று கூவினார். இங்கே நிழல் 27 சென்டிமீட்டர். தாளில் வரைந்து கோணமானியை வைத்தால் 15 பாகை. வட்டத்தில் அத்தகைய துண்டுகள் 24. தில்லிக்கும் சென்னைக்கும் வடக்கு தெற்காக உள்ள தொலைவு, நிலப்படத்தில் அளந்தபடி 1,720 கிலோமீட்டர். பெருக்கினால் 41,280 வந்தது. உண்மைச் சுற்றளவோ ஏறத்தாழ 40,000.

அதிகப்படியான அந்த ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதில் இருவருக்கும் இன்னும் வழக்குத் தீரவில்லை. பாட்டியின் குச்சி சாய்ந்திருக்கும் என்கிறான் பேரன். நிழலின் ஓரம் மங்கலாகத்தானே விழும், நீதான் அரை சென்டிமீட்டர் குறைத்து அளந்துவிட்டாய் என்கிறார் பாட்டி. அடுத்த ஏப்ரலுக்கு இரண்டு மீட்டர் குச்சி வேண்டுமென்று இருவரும் முடிவு செய்திருக்கின்றனர்.