ஹார்லெம் நகரத்து மூலிகைப் பியர்

ஒல்லாந்து தேசத்திலே, அம்ஸ்ரடாம் நகருக்கு மேற்கே, புகையிரதத்தில் ஏறக்குறைய கால்மணி நேரப் பயணத்தில் உள்ளது ஹார்லெம். ஸ்பார்ண நதி தழுவிச் செல்லும் இந்நகரம் ஒருகாலத்தில் பியர் காய்ச்சும் தொழிலாற் பெரும் புகழ் பெற்றிருந்தது. 112 லீற்றர் கொள்ளும் 'யோப்பன்' என்னும் மரப்பீப்பாய்களிலே அது வெளியூர்களுக்குச் சென்றது. காலப்போக்கில் அத்தொழில் நலிந்தது. 1916ஆம் ஆண்டில் இறுதி ஆலையும் மூடப்பட்டது.

நகரின் 750ஆம் ஆண்டு விழா 1995இல் நெருங்கியபோது, ஆர்வலர் சிலர் பழைய நகர ஆவணங்களை ஆராய்ந்தனர். அவற்றிலே 1407ஆம் ஆண்டைச் சேர்ந்த செய்முறை ஒன்று கிடைத்தது. அதன்வழி மீண்டும் பிறந்ததே 'கொய்ட்' என்னும் கருஞ்செம்மை நிறப் பியர். பீப்பாயின் பெயரையே ஆலைக்கும் சூட்டினர்.

வழிபாடு நின்றுபோன பழைய தேவாலயம் ஒன்றிலே 2010 முதல் இவ்வாலை இயங்குகின்றது. உயர்ந்த சாளரங்களின் கீழ்ச் செப்புக் கொப்பரைகள் ஒளிர்வதைக் கண்டு நாம் வியந்தோம். மதுவைப் போற்றுதல் எமது நோக்கமன்று. எட்டரை வீதம் மதுசாரம் கொண்ட இப்பானத்தைச் சிறு கிண்ணத்தில் ஓரிரு மிடறே சுவைத்தோம். முதலில் பனங்கட்டியை ஒத்த இனிப்பு. பின்னர் கொத்தமல்லிக் குடிநீரை நினைவூட்டும் மூலிகைக் காரம். ஈற்றில் மெல்லிய கைப்பு.

அம்மணத்தைத் தருவது 'குரூயிட்' என்னும் மூலிகைக் கலவை. சதுப்பு நிலத்தில் வளரும் 'காகல்' என்ற புதர்ச்செடியின் இலையே அதில் முதன்மையானது. அக்காலத்தில் அக்கலவையை விற்கும் உரிமை ஆள்வோரிடம் இருந்தது. ஆதலின் அதுவே வரியுமாயிற்று. பியரை நெடுநாள் கெடாது காக்கும் ஹொப் பூ பரவவே, மூலிகைக் கலவை மெல்ல மறைந்தது.

கறுவாவை நாடி ஒல்லாந்தர் எமது தீவுக்கு வந்தது பதினேழாம் நூற்றாண்டிலாகும். அதற்கு வெகுகாலம் முன்னரே அவர்தம் முன்னோர் தமது சேற்றுநிலத்து இலையைக் கொண்டே பானத்துக்கு மணமூட்டினர் என்பது சிந்திக்கத்தக்கது.

அறுநூறு ஆண்டுப் பழமையான சுவை ஒன்று மீண்டது, எவரோ அதனை எழுதி வைத்தமையால் அன்றோ? எம் பாட்டிமாரின் கைப்பக்குவங்கள் பல இன்னும் ஏடேறவில்லை. மாணவர்கள் அவர்கள் அருகிருந்து கேட்டு, அளவு பிசகாது எழுதி வைப்பார்களாக.