கையும் காலும்

"மும்பையில் குளிர் ஏது?" என்று ஊரில் உள்ளவர்கள் கேட்பார்கள். 1962 ஆம் ஆண்டு ஜனவரி 22 ஆம் நாள் சாந்தாகுரூஸில் வெப்பநிலை 7.4 பாகைக்கு இறங்கியது என்று சொன்னால் வியப்பார்கள். நானும் அதைப் படித்துத்தான் அறிந்தேன். அவ்வளவு குளிரை நான் கண்டதில்லை. ஆனால் தை மாத விடியலில், தாராவித் தொண்ணூறடிச் சாலையில், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு தேநீர் குடித்ததுண்டு. எங்கள் லாரிக்கு அந்தக் குளிரே போதுமானதாக இருந்தது.

அந்த லாரிக்கும் எனக்கும் வயது ஒன்று. நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றி வாஷிச் சந்தையில் இறக்குவது அப்பாவின் தொழில். என் படிப்பும் தங்கையின் படிப்பும் அந்த வெங்காய மூட்டைகளின்மேல்தான் நடக்கின்றன. நான் மாட்டுங்காவில் எந்திரப் பொறியியல் படிக்கிறேன். மூன்றாம் ஆண்டு. எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எண்ணுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஆண்டு வேறு உண்டோ?

செம்பூரில் சாலையோரம் இரவு முழுதும் நிற்கும் லாரி, காலையில் ஒருவாறு உயிர் பெறும். உடனே உடல் நடுங்கும், வெண்புகை கக்கும், அணைந்துவிடும். சூடேறிய பிறகோ யாதொரு குறையும் இராது. மூன்று வாரமாக இதே கதை. அணையாமல் இருக்க வேண்டுமானால் அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே பத்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அவருக்கோ முழங்கால் வலி.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. 1897 ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் ஓட்டிக் காட்டிய நாள் முதல் அதன் தத்துவம் ஒன்றே: காற்றை இறுக்கி அழுத்து, அது தானே கொதிக்கும், அதில் எண்ணெயைத் தெளி, பற்றிக்கொள்ளும். எங்கள் லாரி போன்றவற்றில் காற்று பதினாறு, பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. ஆனால் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் அந்தச் சூட்டைத் திருடிவிடும். எரியாத டீசல் வெண்புகையாக வெளியேறும். மசகெண்ணெயும் கெட்டியாகி எஞ்சினைப் பிடித்து இழுக்கும். ஆகவே முதற் சில நிமிடங்களுக்கு எஞ்சின் சற்று வேகமாகச் சுழல வேண்டும். புதிய லாரிகளில் கணினியே வெப்பத்தை அளந்து அந்த வேகத்தைக் கொடுக்கிறது. எங்கள் லாரியில் ஓட்டுநர் முன்னே ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் ஒரு கம்பி சென்று டீசல் பம்பின் நெம்புகோலைத் திருப்பும். சூடேறியதும் குமிழை உள்ளே தள்ளிவிட வேண்டும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றவன். ஆகவே துணிந்து தீர்ப்புச் சொன்னேன்: "அப்பா, பம்பு கெட்டுவிட்டது. உள்ளே வேகத்தை ஆளும் பகுதி தேய்ந்திருக்கும். கழற்றிச் சரிசெய்தே ஆக வேண்டும்."

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர். ஒலியைக் கேட்டே நோயைச் சொல்லக்கூடியவர். "படிச்ச பிள்ள சொல்லுதான், சரியாத்தான் இருக்கும்" என்றார். அன்றிரவு அம்மா தன் வளையல் ஒன்றைக் கழற்றி டிரங்குப் பெட்டியின்மேல் வைத்தாள். பம்பு வேலைக்கு வேறு பணம் இல்லை.

மறுநாள் விடியலில் பம்பு கடைக்குப் புறப்பட்டோம். அப்பாவுக்குக் கால்வலி மிகுந்திருந்தது. "நீ ஏறி மிதிலே" என்று என்னை உட்கார வைத்துவிட்டு, எஞ்சின் மூடியைத் திறந்து முன்னால் நின்றார். மிதித்தேன், ஓடியது.

"கால எடு. குமிழ இழு."

இழுத்தேன், அணைந்தது. மீண்டும் மிதிக்கச் சொன்னார், ஓடியது. மீண்டும் இழுக்கச் சொன்னார், அணைந்தது. அப்பா சிரித்தார்.

"ஏலே, கால வச்சு மிதிச்சா நிக்காம ஓடுது. கையால இழுத்தாத்தான் அணையுது. கை எது, கால் எதுன்னு பம்புக்குத் தெரியுமாலே?"

என் முகத்தில் இரத்தம் ஏறியது. காலும் கையும் அசைப்பது ஒரே நெம்புகோலைத்தானே! கால் மிதிக்கும்போது ஓடும் பம்பு எப்படிக் கெட்ட பம்பாகும்? குற்றம் குமிழுக்கும் நெம்புகோலுக்கும் இடையில் அல்லவா இருக்க வேண்டும்! இறங்கிப் பார்த்தேன். கம்பியின் மேலுறையைப் பிடித்திருந்த கவ்வியின் திருகு கழன்றிருந்தது. குமிழை இழுத்தால் உறையோடு சேர்ந்து கம்பி முழுவதும் வளைந்து கொடுத்தது. நெம்புகோல் அசையவே இல்லை. இத்தனை நாள் இருக்கையில் தனியே அமர்ந்திருந்த அப்பா இதைக் காண வழியில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த நானோ குனிந்து பார்க்கவில்லை.

ஒரு திருகு, ஒரு வாஷர். வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. குமிழை இழுத்தேன். எஞ்சின் நடுங்காமல் முழங்கியது. சிறிது நேரத்தில் புகையும் தெளிந்தது.

நண்பர்களே, நான் கற்ற பாடத்தில் பிழை இல்லை. அதைக் கண்ணுக்கு முன்னே நிறுத்தி, கண்ணை மறைத்துக்கொண்டதே பிழை. அதனினும் பெரும்பிழை ஒன்று உண்டு: என் சொல்லுக்காக அப்பா தம் காதையே ஐயுற்றார். படித்தவன் சொல்லுக்கு வீட்டில் எவ்வளவு விலை என்பதை அந்த வளையல் எனக்குக் காட்டியது.

திரும்பும் வழியில், "தப்பாச் சொல்லிட்டேன் அப்பா" என்றேன். "நீ சொன்னதாலதாம்லே மூடியத் திறந்தேன்" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் வளையலை எடுத்து அம்மாவின் கையில் நானே போட்டுவிட்டேன்.