தங்கவயலில் ஒரு நாள்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. காடும் அருவியும் உடைய அம்மலை இயற்கை தந்தது. மனிதர் கை குவித்த மலைகளும் உண்டு. அவற்றைக் கருநாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில் காணலாம். கல்வராயன் அடிவாரத்துச் சிற்றூரில் வாழும் முதியவர் ஒருவர் தம் பேரனை அங்கே அழைத்துச் சென்றார். முதியவர் பிறந்த ஊர் அதுவே. அவர் தந்தையார் அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்.

இருவரும் சோலையார்பேட்டையில் ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் இறங்கினர். அங்கிருந்து கிளைப்பாதையில் செல்லும் வண்டி அவர்களை மாரிகுப்பத்தில் சேர்த்தது.

1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் குழுமத்தார் இங்கே தொழில் தொடங்கினர். பாறையைப் பிளக்கக் கைகள் வேண்டியிருந்தன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழைத் தமிழர் குடும்பம் குடும்பமாக வந்தனர். 1902 இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கடந்து மின்சாரம் இவ்வூருக்கு வந்தது. பெங்களூர் நகரம் மின்விளக்கைக் கண்டதோ 1905 இல்தான்.

அதிகாரிகள் வாழ்ந்த மாளிகைகளையும், அவர்கள் கூடிய மன்றத்தையும், பழைய தேவாலயத்தையும் பேரன் வியந்து நோக்கினான். முதியவர் அவனைத் தொழிலாளர் குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். முற்காலத்தில் அங்கே மூங்கில் தட்டிக் குடிசைகளே வரிசை வரிசையாக இருந்தன. உடல் ஓய்ந்தும் அறிவை ஓயவிடாதவர் அக்குடிசைகளில் வாழ்ந்தனர். அயோத்திதாசப் பண்டிதர் 1907 இல் சென்னையில் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், அவர் மறைந்த பின்னர் இத்தங்கவயலிலிருந்தும் வெளிவந்தது என்பது எண்ணத்தக்கது.

அடுத்து இருவரும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அருகே நின்றனர். வானளாவிய இரும்புக் கோபுரம் துருவேறி நின்றது. அதன் கீழே மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அங்கே பாறையே கை சுடும்; சில வேளைகளில் அழுத்தம் தாங்காது வெடித்துச் சிதறி உயிர்களைக் குடிக்கும். அந்த ஆழத்தை அறிவியலாரும் பயன்கொண்டனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ என்னும் நுண்துகளின் சுவடு 1965 இல் இச்சுரங்கத்தில் அறியப்பட்டது. தோண்டும் செலவு கிடைக்கும் பொன்னின் மதிப்பை விஞ்சவே, 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன.

மாலையில் அவர்கள் சயனைடு மேட்டை அடைந்தனர். பாறையை மாவாக இடித்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் எஞ்சிய கழிவுமண்ணே அம்மேடு. பல தலைமுறை உழைப்பு அங்கே குன்றுகளாய் நின்றது. காற்று வீசியபோது வெண்புழுதி எழுந்து குடியிருப்பை நோக்கிச் சென்றது.

“தாத்தா, கொள்ளுத்தாத்தா எடுத்த தங்கம் நம் வீட்டில் ஏதேனும் உண்டா?” என்று பேரன் வினவினான்.

முதியவர் சற்று நேரம் பேசவில்லை. “இல்லை தம்பி. அவர் இருபது ஆண்டு பொன் பாறையை உடைத்தார். என் தாயார் கழுத்தில் இருந்ததோ மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறுதான். பாறைத் தூசி நெஞ்சில் படிந்து அவர் இருமி இருமியே மறைந்தார். அதன் பின்னரே நாங்கள் கல்வராயன் அடிவாரம் வந்தோம்” என்றார்.

பேரன் குனிந்து, நினைவுக்கென ஒரு பிடி மண்ணை அள்ளப் போனான். முதியவர் அவன் கையைப் பற்றிக்கொண்டார்.

“வேண்டாம் தம்பி. இது நஞ்சு கலந்த மண். நம் குடும்பத்தார் மூச்சில் ஏறியதே போதும்.”

பேரன் கையை உதறிக்கொண்டு எழுந்தான். மன்றத்தின் முன் நின்றபோது அவன் முகத்தில் இருந்த வியப்பு இப்போது இல்லை. கீழே தொழிலாளர் வரிசைகளில் விளக்குகள் ஒவ்வொன்றாய் எரியத் தொடங்கின. “கொள்ளுத்தாத்தா வீடு எந்த வரிசையில் இருந்தது?” என்று கேட்டான். முதியவர் கை நீட்டிக் காட்டினார்; இருள் மூடும்வரை அவன் அத்திசையையே நோக்கி நின்றான்.