நகைப்பெட்டிக்கு ஒரு மெத்தை

அப்பா ரிட்டையர் ஆனப்புறம் ஊர்ல உளியும் கையுமா உக்காந்து செஞ்ச தேக்குப் பெட்டி. இப்போ கை நடுங்குது, இன்னொண்ணு செய்ய முடியாது. அம்மாவோட வெள்ளிக் கொலுசும் முத்துச்சரமும் இதுலதான் என் பொண்ணுக்குப் போகணுமாம். உள்ளே துணி போடற பொறுப்பு மட்டும் சான்பாடாவுல இருக்கற எனக்கு.

தங்கமணி சாய்ஸ், கம்பளி ஃபெல்ட். மெத்துமெத்துன்னுதான் இருக்கும். ஆனா ஆட்டு ரோமத்துல கந்தகம் இருக்கே! மூடின பெட்டிக்குள்ள வெள்ளி கறுத்துடும். பிரிட்டிஷ் மியூசியத்துல ஆண்ட்ரூ ஆடி 1973ல இதுக்குன்னே ஒரு சோதனை கொண்டுவந்தார். துணியோட வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளைக் கண்ணாடிக் குழாயில அடைச்சு, 60 டிகிரியில 28 நாள் வைப்பாங்க. உலோகம் நிறம் மாறினா அந்தத் துணி ஆகாது.

நமக்கு அவ்வளவெல்லாம் வேணாம். ஹார்பர் லைன் பிடிச்சு மங்கள்தாஸ் மார்க்கெட் போய், 'காட்டன் மக்மல்'னு அழுத்திக் கேளுங்க. வாங்கினதை ஈர வெள்ளைத் துணியால தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஒட்டினா வேண்டாம். மும்பை மழை ஈரத்துல முத்து அதைக் குடிச்சுடும்.

மரத்துல நேரா ஒட்டாதீங்க. அமிலமில்லாத அட்டையில சுத்தி, பின்பக்கம் தைச்சு, அழுத்திச் செருகுங்க. பசை நாத்தம் இல்லை. அப்பாவோட உளித் தடமும் அடியில அப்படியே இருக்கும். துணி நைஞ்சா பொண்ணு மாத்திக்கலாம்.

கலர்தான் பாக்கி. அப்பா அரக்குங்கறார், தங்கமணி மயில்கழுத்துங்கறாங்க. நான் வாயே திறக்கலை :)